ரிச்மண்ட் பெண்கள் வெல்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இயங்கிய கலிபோர்னியாவின் ரிச்மண்ட் கப்பல் கட்டும் தளங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அதிகம் யாரும் தொடாத விஷயம், தொட்டதற்கு நன்றி. ஆனால் நாலரை நாளில் கப்பல் கட்டிய சாதனை முழுவதையும் ஹென்றி கைசர் என்ற முதலாளியின் கணக்கில் எழுதியிருப்பதையும், தலையில் துணி கட்டிப் புஜத்தை மடக்கிக் காட்டும் பெண்ணின் படத்துக்குக் கீழே 'ரிச்மண்டில் ரிவெட் அடித்த பெண்' என்று போட்டிருப்பதையும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் வெல்டிங் கற்றுக்கொடுத்தவன்.

முதலில் படம். அது 1943-ல் ஹோவர்ட் மில்லர் என்ற ஓவியர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலைகளுக்குள் ஒட்டுவதற்காக வரைந்த சுவரொட்டி. ரிச்மண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரிச்மண்டில் வேலை செய்த பெண்களை ரிவெட் அடித்தவர்கள் என்று பொதுவாகச் சொல்வதும் சரியல்ல. அங்கே கைத்தொழிலில் இறங்கிய பெண்களில் மிகப் பலர் வெல்டர்கள். ரிவெட் என்பது இரும்புத் தகடுகளைத் துளையிட்டு ஆணியடித்து இணைப்பது, வெல்டிங் என்பது உலோகத்தை உருக்கி ஒன்றாக்குவது. தொழில் தெரியாதவர்களுக்கு இது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். ரிச்மண்டின் கதையே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

ரிவெட் அடிப்பது நாலு பேர் கூடிச் செய்யும் வேலை. ஒருவர் ஆணியை உலையில் சிவக்கக் காய்ச்ச வேண்டும், ஒருவர் அதைப் பிடித்துத் துளையில் செருக வேண்டும், ஒருவர் பின்னாலிருந்து தாங்க வேண்டும், ஒருவர் அடிக்க வேண்டும். கை பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். 1940-ன் இறுதியில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தன் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது பிரிட்டன் அமெரிக்காவில் 60 கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் பாதி, அதுவரை கப்பலே கட்டப்படாத ரிச்மண்டின் சேற்றுக்கரைக்கு வந்தது. கைசர் அணைகள் கட்டிய ஒப்பந்தக்காரர். ஹூவர் அணையில் அவருக்குப் பங்கு உண்டு. கப்பல் அவருக்குப் புதிது. வேலைக்கு வந்தவர்களோ லூசியானா, டெக்சஸ், அர்கன்சாஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்த விவசாயக் கூலிகளும், வீட்டு வேலைக்காரர்களும், கடைச் சிப்பந்திகளும். இவர்களை வைத்து எப்படிக் கப்பல் கட்டினார்கள்?

கட்டுரை 'முன்கூட்டியே பாகங்களைத் தயாரித்தார்கள்' என்ற ஒரே வரியில் இதைக் கடந்துவிட்டது. கப்பலின் அடிப்பகுதிக்கோ கூரைக்கோ கீழே படுத்துக்கொண்டு தலைக்கு மேலே வெல்டிங் செய்வதை நாங்கள் 'ஓவர்ஹெட்' என்போம். உருகிய உலோகம் கீழே விழப் பார்க்கும், பொறி கழுத்துக்குள் இறங்கும். என் மாணவர்களில் நல்ல கை உள்ளவனுக்கே அது வசப்பட மாதக்கணக்கில் ஆகும். அதே இணைப்பைத் தரையில் கிடத்தி, குனிந்து பார்த்துச் செய்தால் சில நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். கப்பலின் மேல்தளக் கட்டடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, எல்லா இணைப்பும் கண்ணுக்குக் கீழே வரும்படி வெல்டிங் செய்து, பிறகு கிரேனால் புரட்டித் தூக்கிக் கப்பலில் உட்காரவைத்தார்கள். கஷ்டமான வேலையை எளிய வேலையாகத் திருப்பிப்போட்டார்கள். நேற்றுவரை வெல்டிங் ராடையே பார்த்திராத பெண் சில வாரங்களில் கப்பல் கட்டியது இதனால்தான். நான் அந்தப் பட்டறையில் பயிற்றுநராக இருந்திருந்தால் இந்த ஏற்பாட்டைக் கண்டவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

போருக்காக ஒரே வரைபடத்தில் ஏராளமாகக் கட்டிய சரக்குக் கப்பல்களை லிபர்டி கப்பல்கள் என்பார்கள். ரிச்மண்டில் ராபர்ட் ஈ. பியரி என்ற லிபர்டி கப்பலுக்கு 1942 நவம்பர் 8-ல் அடிக்கட்டை வைத்து 12-ல் நீரில் இறக்கினார்கள்: 4 நாள், 15 மணி, 29 நிமிடம். இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே பெரும் பகுதிகள் தயாராகி வரிசையில் காத்திருந்தன என்பதையும், அது விளம்பரத்துக்காகச் செய்த ஒரு தடவைச் சாதனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் பெரிய விஷயம் வேறு. பால்டிமோரில் கட்டிய முதல் லிபர்டி கப்பலுக்குச் சுமார் 244 நாள் ஆனது. பிறகு நாடு முழுவதும் சராசரி 42 நாள் அளவுக்கு இறங்கியது. ரிச்மண்டின் நான்கு தளங்களிலிருந்து மட்டும் 747 கப்பல்கள் வெளிவந்தன.

வெல்டிங்குக்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. 1943 ஜனவரியில், கைசரின் போர்ட்லாண்ட் தளத்தில் கட்டிய ஷெனக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரில், கட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தபோது கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. பழி முதலில் வெல்டர்கள் மேல் விழுந்தது. சில இணைப்புகள் மோசமாக இருந்ததும் உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து எஃகு குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறியதை, கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி சோதனை செய்து காட்டினார். லிபர்டி கப்பல்களில் சரக்கறை வாய்களின் மூலைகளைச் சதுரமாக வெட்டியிருந்ததால் பல விரிசல்கள் அங்கே தொடங்கின. ரிவெட் கப்பலில் தகடு மாறும் இடத்தில் விரிசல் நின்றுவிடும். வெல்டிங் கப்பல் முழுவதும் ஒரே தகடுபோல என்பதால் ஓடிக்கொண்டே போகும். மூலைகளை வளைவாக்கினார்கள், விரிசலைத் தடுக்கும் பட்டைகளை ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். இன்றும் என் மாணவர்களிடம், பிளந்த இணைப்பைப் பார்த்தவுடன் வெல்டரைத் திட்டாதே, முதலில் எஃகைக் கேள் என்று சொல்லக் காரணம் இந்தக் கப்பல்கள்தான்.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு நாள் ரிச்மண்டுக்கு அழைத்துப்போகச் சொன்னேன். 1944 நவம்பரில் அங்கேயே நீரில் இறக்கிய ரெட் ஓக் விக்டரி கப்பல் மூன்றாம் தளத்தில் நிற்கிறது. தன்னார்வலர்கள் அதைப் பேணுகிறார்கள். உள்ளே ஓர் இரும்புச் சுவரில் செங்குத்தாக ஓடிய இணைப்பைத் தடவிப் பார்த்தேன். பல பூச்சு பெயின்ட்டுக்கு அடியிலும் வரிகள் விரலுக்குத் தெரிந்தன. இடுப்பு உயரம் வரை நெருக்கமான, சீரான வரி. அதற்கு மேல் சட்டென்று அகலமாகிக் கொஞ்சம் அவசரப்பட்ட வரி. கை மாறியிருக்கிறது. ஒருவர் பொழுது முடிந்து ராடைக் கீழே வைத்திருக்கிறார், அடுத்தவர் எடுத்திருக்கிறார். இரண்டும் நல்ல வேலை. மகள் கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத செய்தி ஒன்று உண்டு. கப்பல் தளத்து வெல்டர்கள் சேர வேண்டியிருந்த கொதிகலன் தொழிலாளர் சங்கம், கறுப்பினத் தொழிலாளர்களை முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. சந்தா வாங்கிக்கொண்டு, வாக்குரிமை இல்லாத துணைக் கிளையில் தள்ளியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் எதிர்க்கரையில் மரின்ஷிப் என்ற கப்பல் தளத்தில் வேலை செய்த ஜோசப் ஜேம்ஸ் என்ற வெல்டர் சந்தா கட்ட மறுத்து வழக்காடினார். 1944 இறுதியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சில மாதங்களில் போர் முடிந்தது, வேலையும் போயிற்று. தொழிலாளர்களுக்கான கைசரின் மருத்துவத் திட்டம் இன்றுவரை தழைத்திருப்பதைப் பாராட்டி எழுதும் கட்டுரை இதையும் எழுதியிருக்க வேண்டும்.

ரிச்மண்டின் அந்தத் துணைக் கிளை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் பெட்டி ரீட் சாஸ்கின். ரிச்மண்டில் தேசிய வரலாற்றுப் பூங்கா வந்தபோது, 'ரிவெட் அடிக்கும் ரோசி' என்று போர்க்காலப் பெண் தொழிலாளிக்கு வைத்த அடையாளப் பெயரின் கதை வெள்ளைப் பெண்களின் கதை, தன்னுடையதல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அதே பூங்காவில் சீருடை அணிந்து, வந்தவர்களுக்கு விடுபட்ட கதைகளைச் சொன்னார். 2022-ல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது நூறு.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். முடிந்தால் அந்தச் சுவரொட்டிக்குப் பதிலாக, முகக்கவசத்தை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு நிற்கும் ரிச்மண்ட் பெண்கள் யாருடைய படத்தையாவது போடுங்கள். அப்படிப்பட்ட படங்கள் நிறையவே எடுக்கப்பட்டிருக்கின்றன. கீழே 'வெல்டர்' என்று ஒரு சொல் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்,
திருவெறும்பூர்.