கோயில்பிள்ளை சொன்ன ‘மாட்டேன்’

அன்புள்ள தேவா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, கோயில் மணி. எங்கள் ஊர் மணியின் நாக்கு கழன்று விழுந்துவிட்டது. நல்லவேளை, அப்போது கீழே யாரும் இல்லை. அதைத் திரும்ப மாட்டுவதற்குள் பங்குப் பேரவையில் மூன்று கூட்டம், நாலு சண்டை. செயலாளர் நான், அப்புறம் எங்கே கடிதம் எழுதுவது?

மணியை இறக்கிக் கோணி மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். பச்சைக் களிம்பு, விளிம்பில் பாதி தேய்ந்த எழுத்து. நீ கேட்டிருந்தது ஞாபகம் வந்தது: போர் நடந்தபோது கிறிஸ்தவ சபைகள் ஏன் வாயைத் திறக்கவில்லை?

வாயைத் திறக்காதது இருக்கட்டும், வாயையே கழற்றிக்கொண்டு போன கதை தெரியுமா உனக்கு? இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் அரசு ஐரோப்பாவெங்கும் ஏறத்தாழ 1,75,000 கோயில் மணிகளை இறக்கியது. மணி வெண்கலத்தில் இருப்பது செம்பும் வெள்ளீயமும், ஆயுதத் தொழிற்சாலைக்கு இரண்டும் வேண்டும். ஹாம்பர்க் துறைமுகத்தில் குவித்து வைத்தார்கள். ‘மணிகளின் கல்லறை’ என்றே அந்த இடத்துக்குப் பெயர். சுமார் 1,50,000 மணிகள் திரும்பவேயில்லை. அதே சமயம் ஜெர்மன் ராணுவச் சிப்பாயின் இடுப்புவார் கொக்கியில் ‘கடவுள் நம்மோடு’ என்று பொறித்திருந்தது. நாம் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரத்தில் எழுதி மாட்டுகிற அதே இம்மானுவேல்தான்.

எங்கள் கத்தோலிக்க ஆட்களை மறைக்க மாட்டேன். 1933 ஜூலை 20இல் வத்திக்கான் ஹிட்லர் அரசோடு உடன்படிக்கை போட்டது. புதிய ஆயர்கள் (பிஷப்புகள்) அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. பள்ளிகளையும் சங்கங்களையும் காப்பாற்றத்தான் அந்தக் கையெழுத்து. 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியபோது அந்நாட்டு ஆயர்கள் ஆதரவு அறிக்கை விட்டார்கள். வியன்னா கர்தினால் இன்னிட்ஸர் தன் கையாலேயே ‘ஹைல் ஹிட்லர்’ என்று எழுதினார். அப்படி எழுதியும் அக்டோபரில் நாஜி இளைஞர்கள் அவர் மாளிகைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

இத்தனை பெரியவர்களுக்கு நடுவில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஒரு கோயில்பிள்ளை, மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர், ஆஸ்திரியாவில் ஸாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்ன ஊர்க்காரர், விவசாயி. ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைக்க நடந்த வாக்கெடுப்பில் ஊரிலேயே அவர் ஒருவர்தான் ‘வேண்டாம்’ என்று போட்டார். 1941இலிருந்து கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்பதுதான் அவர் பேச்சு. காயம்பட்டவர்களைப் பார்க்கும் வேலை என்றால் செய்கிறேன் என்று பிறகு கேட்டும் பார்த்தார், ஏற்கவில்லை.

போருக்கு முழு அழைப்பு வருமுன் லின்ஸ் ஆயரிடம் போய் யோசனை கேட்டார். மூன்று சின்னப் பெண்பிள்ளைகள், குடும்பத்தை நினை, போரின் நியாயம் அநியாயம் பார்ப்பது உன் பொறுப்பில்லை என்று ஆயர் சொல்லி அனுப்பினார். ஆயரைத் திட்ட வாய் வருகிறது. ஆனால் உன் மகன் வந்து கேட்டிருந்தால் நீயும் நானும் என்ன சொல்லியிருப்போம்? “பிள்ளைகளைப் பாருடா” என்றுதானே? நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவர் மாறவில்லை. 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலையை வெட்டினார்கள். அதற்கு முன் பெர்லின் சிறையில் அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. முந்தைய வருஷம் ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற குரு ஹிட்லர் பெயரில் பிரமாணம் எடுக்க மறுத்து உயிரைக் கொடுத்திருந்தார். சிறைச் சாமியார் அதைச் சொன்னதும், தான் மட்டும் தனியாக இல்லை என்று அவருக்கு நிம்மதியாம். ஒரு சபை முழுக்க இருந்தும் துணைக்கு அந்த ஒரு பெயர்!

போர் முடிந்த பிறகும் அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்டப் பத்திரிகையில் போட அதே ஆயர் சம்மதிக்கவில்லை. கடமை என்று போர்முனைக்குப் போய் மடிந்தவர்கள்தான் பெரிய வீரர்கள் என்பது அவர் கருத்து. மனைவி ஃபிரான்ஸிஸ்காவுக்கு விதவை உதவித்தொகை கிடைக்க 1950 ஆயிற்று.

உங்கள் லுத்தரன் பக்கம் ஹிட்லரை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் இருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரை மறந்துவிடாதே. அந்தப் போரால்தான் தமிழ்நாட்டில் இருந்த லைப்சிக் லுத்தரன் மிஷனின் ஜெர்மன் ஐயர்மாரை, அதாவது போதகர்களை, ஆங்கில அரசு காவலில் வைத்து, ஊருக்கு அனுப்பியது. சுவீடன்காரர்கள் வந்து பொறுப்பேற்றார்கள். உங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919 ஜனவரி 14இல் பிறந்ததில் அந்தப் போருக்கும் பங்கு உண்டு. பைபிள் ஒன்றுதான், பாஸ்போர்ட் வேறு. உன் தாத்தா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தாரே, இதைப் பற்றி வீட்டில் எதாவது பேசுவாரா? எழுது.

2007 அக்டோபரில் லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். அதே லின்ஸ்! ஃபிரான்ஸிஸ்கா அப்போது உயிரோடு இருந்தார், வயது 94. அந்தப் பூசையில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் மணி போன சனிக்கிழமை ஏறிவிட்டது. சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது என்று கோயில்பிள்ளை சொல்கிறார், மற்ற யாருக்கும் தெரியவில்லை. திருவிழாவுக்கு வந்து நீயே கேட்டுச் சொல். உன் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மறைக்காமல் எழுது.

உன்,
அந்தோணி