ஹூட் தைக்கக் கொடுக்குமுன் கதவு இடுக்கைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே வைத்துச் சரிசெய்கிற அண்ணாச்சிமார் பலரும் முதலில் ஹூட்டுக்கு, அதாவது மடக்குக் கூரைக்கு, அளவு கொடுக்கத்தான் வருகிறீர்கள். ஐப்பசி மழைக்குள் வண்டியை மூடிவிட வேண்டும் என்கிற அவசரம் எங்களுக்கும் புரிகிறது. இருந்தாலும், கதவு இடுக்கை, அதாவது மூடிய கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, அளந்து பார்க்காமல் இனி ஹூட் ஆர்டர் எடுப்பதில்லை. அதற்குக் காரணம் சொல்லவே இந்த மடல்.

கூரை உள்ள காரில் மேல்தகடும், கதவுக்கு முன்னும் பின்னும் நிற்கும் தூணான பில்லரும் சேர்ந்து பாடியைப் பிடித்துக்கொள்ளும். கூரை இல்லாத காரில் அந்தப் பாரம் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டுக்குப் போகிறது. சில் என்போமே, அதுதான். எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் வண்டியில் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. உள்தகடு, நடுத்தகடு, வெளித்தகடு என்று மூன்றும் சேர்ந்த சில்தான் அதன் உயிர். ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயரில் சேஸ் உண்டு. ஆனால் அது நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடுவது, பக்கத்தில் தாங்கல் இல்லை. அதனால் அங்கேயும் சில்தான் பலம். அதன் பங்காளியான ஹெரால்டில் கதை வேறு: சேஸின் பக்கக் கைகள்தான் பாடியைத் தாங்கும், சில் வெறும் மூடி. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கும் இதே கணக்குத்தான். அதில் சில்லைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, சேஸ் கைகளைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சோதிப்பது எளிது. வண்டியைச் சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, கதவின் பின் ஓர இடுக்கை மேலேயும் கீழேயும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேலே ஒட்டியும் கீழே அகன்றும் இருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, மறுபடி அளந்து பாருங்கள். அளவு 2 மி.மீ.க்கு மேல் மாறினாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ சில் போய்விட்டது என்று அர்த்தம். மேலே பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி. உவரி, கூடங்குளம் பக்கம் உப்புக் காற்றில் நின்ற வண்டியில் துரு உள்ளிருந்து வரும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரியும்போது நடுத்தகடு பெரும்பாலும் மிஞ்சியிராது.

இதற்கும் ஹூட்டுக்கும் என்ன சம்பந்தம்? தொய்ந்த பாடியில் முன்கண்ணாடிச் சட்டம் பின்னோக்கிச் சாயும். அந்த நிலையில் அளவெடுத்துத் தைத்துவிட்டுப் பிறகு சில்லை மாற்றினால், சட்டம் பழைய இடத்துக்குப் போய்விடும், ஹூட் எட்டாது. நடுவில் ஜாக்கி முட்டுக் கொடுத்தபடியே வெல்டிங் வைத்தால் நேர்மாறு: பாடி மேல்நோக்கி வளைந்து நிற்கும், கதவு மேல் இடுக்கு விரிந்துவிடும். இரண்டிலும் பழி வருவது தையல்காரர் மேல்.

சில் வேலையை வீட்டில் செய்வதானால் அவசரமே கூடாது, பைய செய்யுங்கள். பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டையும் கழற்றி அப்புறப்படுத்திவிட்டுத்தான் வெல்டிங் கம்பியைத் தொட வேண்டும். வண்டியின் பாரம் சஸ்பென்ஷன் மேலேயே இருக்கட்டும். கதவு இடுக்கைச் சரியாக்கி, ஒரு அங்குலச் சதுரக் குழாயை முன் பில்லருக்கும் பின் பில்லருக்கும் இடையே மேலே ஒன்று, குறுக்குச் சாய்வாக ஒன்று என்று டேக் (சிறு பொட்டு வெல்டிங்) வையுங்கள். உள்பக்கமாக வைத்தால்தான் அவ்வப்போது கதவை மாட்டிப் பார்க்க முடியும். இடது, வலது பில்லர்களுக்கு நடுவிலும் ஒரு குழாய் வேண்டும். அதற்குப் பிறகே வெட்டு, அதுவும் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் திறந்துபோட்ட பாடியை நேராக்குவது பெரும்பாடு.

தகடு 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ. தடிமன்) போதும். ஸ்பாட் வெல்டிங் இருந்த இடத்தில் 25 மி.மீ.க்கு ஒரு துளை, 6 மி.மீ. அளவில் போட்டு, அதை நிரப்பி வெல்டிங் வையுங்கள். ஒட்டும் முகங்களில் துத்தநாக பிரைமர் முதலிலேயே அடித்திருக்க வேண்டும். மூடிய பிறகு பிரஷ் போகாது. நீள ஓரங்களில் முக்கால் அங்குலம் வெல்டிங் வைத்து, தள்ளிப்போய் வேறிடத்தில் முக்கால் அங்குலம் என்று மாறி மாறி வையுங்கள். ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். வெளித்தகட்டை முடிக்கும் முன் கதவை மாட்டி, சுற்றிலும் இடுக்கு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். சில்லின் கீழே உள்ள வடிகால் துளைகளைப் பட்டி போட்டு அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் சில்லிலேயே தங்கிவிடும்.

வேறு சில சங்கதிகள். இந்த வண்டிகளில் போல்ட் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. அரை அங்குலத் தலையில் 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதில் கெட்டுப்போகும், எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். பணகுடி, வள்ளியூர்க்காரர்கள் ஆடிக் காற்றில் திறந்த கொட்டகையில் பெயின்ட் அடிக்க வேண்டாம், மண்தான் ஒட்டும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே பெயின்ட்டுக்குத் துணி மாஸ்க் எந்தக் காலத்திலும் போதாது. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு கேட்பவர்கள் சேஸ் எண் தகட்டின் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள்.

ஹூட் அளவுக்கு வரும்போது ஹூட்டைத் தாங்கும் வளைவுக் கம்பிகள், கதவுக் கண்ணாடிகள், ரப்பர் பீடிங் எல்லாம் வண்டியில் மாட்டியே இருக்கட்டும். வளைவுகளைப் பிடிக்கும் நாடாவை நாங்கள் முதலில் மாற்றுவோம். வளைவு எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த நாடாதான் முடிவுசெய்கிறது. அது இற்றிருந்தால் இழுவை முழுக்கத் துணியில் விழுந்து தையல் பிரியும். பழைய ஹூட் கந்தலாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், பட்டன் இடம் அதில்தான் தெரியும்.

காலையில் வெள்ளன வந்துவிடுங்கள். ரெக்சின் ஹூட்டை பத்து மணி வெயிலில் இழுத்து மாட்டினால் அளவு சரியாக நிற்கும். உச்சிவெயிலில் அது ரப்பர் மாதிரி நீளும். அப்போது இழுத்து அடித்தால் மறுநாள் விடிகாலையில் முன் கொக்கி மாட்டாது.

இப்படிக்கு,
பட்டறையார்,
தச்சநல்லூர்