கால்களை எண்ணிவிட்டுப் பெயர் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை நான்கு நாள் பெய்துவிட்டால் போதும், கடலூர், புதுச்சேரிச் செய்திப் பக்கங்களில் ‘அதிசயப் பூச்சி’, ‘விநோத வண்டு’ படங்கள் வரத் தொடங்கிவிடும். கண்ணில் பட்டதைப் படமெடுத்து அனுப்பும் வாசகர்களைப் பாராட்ட வேண்டும். குறை படத்தில் இல்லை, அதன் கீழே அச்சாகும் பெயரில் இருக்கிறது. பெரும்பாலும் அது கைபேசிச் செயலி முதலில் காட்டிய பெயர். இல்லையென்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், பூச்சிகளை அடையாளம் காட்டும் பிரிட்டிஷ் அட்டைகளைப் பார்த்து எழுதிய பெயர். பள்ளி அறிவியல் கண்காட்சிகளிலும் அதே அட்டைகள்தான் ஒட்டப்படுகின்றன.

அந்த அட்டைகளைத் தயாரித்தவர்கள் மீது பிழையில்லை, அவர்கள் தங்கள் ஊருக்கு எழுதினார்கள். பிரிட்டனில் வழக்கமாகக் காணக்கூடிய வண்ணத்துப்பூச்சிகள் 59 வகை, தமிழ்நாட்டில் மட்டுமே 300-க்கு மேல். அங்கே பட்டியல் சிறியது, பல தலைமுறையாக அலசப்பட்டது. அதனால் இரண்டிரண்டு கேள்வியாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே பெயரில் முடியும் திறவுகோல்களை அவர்களால் எழுத முடிந்தது. கையில் இருக்கும் உயிர் பட்டியலில் கட்டாயம் உண்டு என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கழித்தல் நடக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்றைக் கொண்டுபோனால் ‘இது எங்கள் ஊர்ப் பூச்சி இல்லை’ என்று சொல்ல அதில் வழியே கிடையாது. ஏதாவது ஒரு பிரிட்டிஷ் பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும்.

பெருமாள் ஏரியிலோ பாகூர் ஏரியிலோ பாசிக்குள் வலை விட்டால் தட்டையான, முட்டை வடிவ, பழுப்பு நிற நீர்ப்பூச்சி ஒன்று தவறாமல் வரும். சிலவற்றின் முதுகில் வெள்ளையும் சாம்பலுமாக முட்டைகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ‘ஒட்டுண்ணி தாக்கிய வண்டு’ என்று செய்திக்கு வருவது பெரும்பாலும் இதுதான். இது வண்டும் அல்ல, நோயும் அல்ல. டிப்ளோனிக்கஸ் என்ற நீர்மூட்டைப் பூச்சியின் ஆண், பெண் இட்ட முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும்வரை முதுகில் சுமக்கிறது. இந்தக் குடும்பமே பிரிட்டனில் கிடையாது. ஆகவே பிரிட்டிஷ் திறவுகோல் இதை அவ்வூர்த் ‘தட்டுப் பூச்சி’யான இலியோகோரிஸிடம் கொண்டுபோகிறது. உடல் வடிவம் அப்படியே ஒத்திருப்பதால் பிள்ளைகளுக்குச் சந்தேகமும் வருவதில்லை. வயிற்றின் நுனியைப் பாருங்கள். நம்மூர்ப் பூச்சிக்கு அங்கே வார் போன்ற இரண்டு குட்டை மூச்சு மடல்கள் நீண்டு சுருங்கும், இலியோகோரிஸுக்கு அவை இல்லை.

ஊசித்தட்டானிலும் இதே சிக்கல். உடல் கறுப்பு, வயிற்றின் 8-வது கண்டம் (வளையம் போன்ற உடல் பகுதி) மட்டும் பளீரென்ற நீலம் என்றால் பிரிட்டிஷ் அட்டை இஸ்க்னூரா எலிகன்ஸ் என்று சொல்லும். நம் வயல் வரப்பில் பறப்பது அதன் நெருங்கிய உறவான இஸ்க்னூரா செனகலென்சிஸ். இரண்டையும் மேலிருந்து எடுத்த படத்தில் பிரிப்பது கடினம், ஆணின் வால் நுனியில் உள்ள பற்றுறுப்புகளின் வடிவத்தை லென்ஸில் பார்த்தாக வேண்டும்.

நீரின் தரத்தை உயிரிகளைக் கொண்டு அளக்கும் பயிற்சிகளில் இந்தத் தவறு இன்னும் தூரம் போகிறது. 1970-களில் பிரிட்டனில் ஆறுகளுக்கென ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். மாசைத் தாங்காத குடும்பங்களுக்கு 10, எதையும் தாங்கும் புழுக்களுக்கு 1. உச்சியில் இருப்பவை ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் இரண்டு வால் கொண்ட லார்வாக்கள் (இளம் பருவம்). குளிர்ந்த, ஓடும், ஆக்சிஜன் நிறைந்த நீரில் வாழ்பவை அவை. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் கிடைக்கும், கடலோரச் சமவெளியின் தேங்கிய, வெதுவெதுப்பான ஏரியில் எதிர்பார்க்க முடியாது. எனவே அந்த மதிப்பெண் முறையை வைத்துக் கணக்குப் போட்டால் நல்ல ஏரியும் ‘மாசடைந்தது’ என்றே வரும். ஓர் ஏரியைப் பற்றி அப்படி எழுதும் முன் அதே பருவத்தில், அதே ஆழத்தில், அதே ஊரின் இன்னொரு ஏரியோடு ஒப்பிடுவதே நியாயம்.

தலைகீழான பிழையும் நடக்கிறது. ஊசித்தட்டான் லார்வாவின் வால் முனையில் இலை போன்ற மூன்று தட்டைச் செவுள்கள் உண்டு. வலையை முரட்டுத்தனமாக உதறினால் ஒன்று உதிர்ந்துவிடும். மிச்சம் இரண்டைப் பார்த்து ‘இரண்டு வால், ஆகவே ஸ்டோன்ஃபிளை, ஆகவே தூய நீர்’ என்று எழுதிவிடுகிறார்கள். லார்வாவை வெள்ளைக் கரண்டியில் மல்லாக்கப் போட்டுத் தலைக்கு அடியில் பாருங்கள். மடித்து வைத்த கரம் போன்ற கீழுதடு தெரிந்தால் அது தட்டான் இனம், வால் எத்தனை இருந்தாலும் சரி. மேஃபிளை என்ற இன்னொரு பூச்சியின் நீர் வாழ் லார்வாவுக்கும் பொதுவாக மூன்று வால்கள் உண்டு, ஆனால் அவை நூல் போல இருக்கும், செவுள்கள் வயிற்றின் இரு ஓரத்திலும் படபடக்கும். தடித்த உடலோடு வாலில் செவுளே தெரியாமல் இருந்தால் அது பெரிய தட்டானின் லார்வா, அதன் செவுள்கள் குடலின் கடைசிப் பகுதிக்குள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. 30 செ.மீ. அகல இரும்புக் கம்பி வளையம், கொசுவலைத் துணியில் 40 செ.மீ. ஆழமான பை, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த மூங்கில். துணியின் கண் 1 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. அதைவிடச் சிறிதானால் சேறு அடைத்துக்கொள்ளும், பெரிதானால் சின்ன மேஃபிளைகள் நழுவிவிடும். மொத்தம் மூன்று நிமிடம் வலை வீசினால் போதும், ஆனால் அந்த மூன்று நிமிடத்தைப் பாசி, கரையோரக் கோரை, வெறும் மண் என்று பங்கிட வேண்டும். ஒரே இடத்தில் கலக்கினால் ஒரே கூட்டம்தான் வரும். வெள்ளைத் தட்டில் 2 செ.மீ. தண்ணீர் விட்டு வலையைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் தொடாமல் வையுங்கள், சேறு படிந்ததும் எல்லாம் நகர ஆரம்பிக்கும். தட்டான் லார்வாவையும் நீர்மூட்டைப் பூச்சியையும் உடனே தனிக் கிண்ணத்துக்கு மாற்றாவிட்டால் மற்றவற்றைத் தின்றுவிடும். விரலால் எடுக்க வேண்டாம், நீர்மூட்டைப் பூச்சி குத்தினால் நன்றாகவே வலிக்கும். தட்டு நிழலில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கையேடுகள் வெயிலைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, நம் ஊரில் ஆழமற்ற தட்டு நீர் கால் மணி நேரத்தில் சூடேறி உயிர்கள் செத்துவிடும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே வலை வீச வனத்துறை அனுமதி தேவை.

10 மடங்கு லென்ஸைப் பூச்சிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பது பரவலான தவறு. லென்ஸ் கண்ணை ஒட்டி இருக்க வேண்டும், பூச்சிதான் இரண்டரை செ.மீ. தூரத்துக்கு வர வேண்டும்.

அப்படிப் பார்த்தால் வெறும் கறுப்பு ‘நீர் வண்டு’ என்று நினைத்தது இரண்டு குடும்பமாகப் பிரியும். ஒன்றுக்கு உணர்கொம்பு நூல் போல நீளம். பின்னங்கால்கள் இரண்டையும் துடுப்பு போலச் சேர்த்து வீசும், மூச்சு வாங்க வால் பக்கத்தை மேலே கொண்டுவரும். இது வேட்டையாடும் டைடிஸ்கிட். இன்னொன்றின் உணர்கொம்பு குட்டை, நுனி தடித்தது. முகத்தில் நீளமாக நீட்டியிருப்பது உணர்கொம்பு அல்ல, வாயின் உணர்நீட்சி. கால்களை மாற்றி மாற்றி அடிக்கும், மூச்சுக்குத் தலையைத்தான் நீட்டும். இது ஹைட்ரோஃபிலிட். இதன் பெரிய வகைகளின் மார்பின் அடியில் கூரான முள் ஒன்று பின்னோக்கி ஓடும், உள்ளங்கையில் இறுக்கினால் குத்தும். தட்டில் வைத்து இரண்டு நிமிடம் நீந்தவிட்டாலே இவ்வளவும் தெரியும். ஒற்றைப் புகைப்படத்தில் இதில் பாதிகூட வராது.

கரைக்கு வந்தால் கால்களை எண்ணுவதுதான் முதல் வேலை. முதல் மழையில் மண்ணில் ஊரும் செவ்வெல்வெட் பூச்சிக்கு எட்டுக் கால்கள். அது பூச்சியே அல்ல, உண்ணி வகை. பண்ருட்டி முந்திரித் தோப்பில் முசுறு எறும்புகளுக்கு நடுவே அதே நிறம், அதே அளவில் ஒரு சிலந்தி உலவும். முன்னங்கால் இரண்டைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும், நேருக்கு நேர் பார்த்தால் முன்பக்கம் விளக்குப் போல இரண்டு பெரிய கண்கள். பூரானுக்கு ஒரு கண்டத்துக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்குப் பெரும்பாலான கண்டங்களில் இரண்டு ஜோடி. இறகை எண்ணுவதும் உதவும். தேனீ போலவே கோடு போட்ட பூச்சிக்கு இரண்டே இறகும், அவற்றின் பின்னால் குண்டூசித் தலை போல இரண்டு உறுப்பும், குட்டையான உணர்கொம்பும் இருந்தால் அது ஈ.

காய்கறி விவசாயிகளுக்கு ஒன்று முக்கியம். பொறிவண்டு எல்லாம் நண்பன் என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. அசுவினி தின்னும் பொறிவண்டின் முதுகு மொழுமொழுவென்று மின்னும். கத்திரி இலையைச் சுரண்டும் எபிலாக்னா வண்டின் முதுகு மெல்லிய ரோமத்தால் மங்கலாக இருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ரோமம் தெரியும். அதன் புழு மஞ்சள், உடலெங்கும் கிளைத்த முட்கள். புள்ளிகளை மட்டும் எண்ணி முடிவு கட்டினால் ஏமாறுவோம், ஏனென்றால் ஒரே இனத்திலேயே புள்ளி கூடும், குறையும். வண்டை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். ஏணிப்படி போலச் சுரண்டல் இருந்தால் எபிலாக்னாவேதான்.

மழைக்காலத்தில் விளக்குக்கு வரும், எறும்பு போன்ற ஆரஞ்சு, கறுப்புப் பூச்சி பற்றியும் ‘கடித்தால் தோல் வெந்துவிடும்’ என்று செய்தி வருகிறது. பெடரஸ் எனும் அந்த வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தோல்மேல் வைத்து நசுக்கும்போது அதன் உடல் நீர் பட்டு, ஒரு நாள் கழித்துக் கொப்புளம் வருகிறது. ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதே கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. செய்தியில் ‘கடி’ என்று போட்டால் மக்கள் பயந்து அடிப்பார்கள், அடித்தால்தான் தீங்கு. பெயரும் விவரமும் சரியாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

செயலியைக் கைவிடச் சொல்லவில்லை. அது தடுமாறும் இடத்தைத் தெரிந்து பயன்படுத்தலாம். படம் எங்கே எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் நல்ல செயலிகள் அந்தப் பகுதியில் உள்ள இனங்களை முன்னால் காட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததில் இடமும் நேரமும் அழிந்திருக்கும். அதைக் கொடுத்தால் செயலி உலகம் முழுக்கத் தேடி, அதிகப் படங்கள் உள்ள ஐரோப்பியப் பெயரைத் தூக்கிப் போடும். ஆகவே வாசகர்கள் படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம். ஒரு பூச்சிக்கு நான்கு படங்கள் வேண்டும்: மேலே, பக்கவாட்டில், முகம், முடிந்தால் அடிப்பக்கம். ஒன்றிலாவது பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். எந்தச் செடியில், எந்த நீரில் என்பதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். உயிரைக் கொன்று அனுப்ப வேண்டியதில்லை, சில வண்ணத்துப்பூச்சிகள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இத்தனைக்குப் பிறகும் பல பூச்சிகளுக்கு இனப் பெயர் கிடைக்காது. சிறு ஈக்களிலும் வண்டுகளிலும் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்காமல் நிபுணர்களே சொல்ல மாட்டார்கள். அப்போது ‘நீர்மூட்டைப் பூச்சிக் குடும்பம்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது குறையல்ல. ‘அரிய வகை’ என்ற சொல்லை, அந்தக் குழுவைப் படித்தவர் ஒருவர் படங்களைப் பார்த்த பிறகு மட்டும் போடுங்கள். நம் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்தில் பூச்சியியல் துறை இருக்கிறது. முந்திரிப் பூச்சிகளுக்கு விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படத்தின் கீழே ஊர், தேதி, நீளம் மி.மீ. கணக்கில், பார்த்த இடம், பெயரை உறுதி செய்தவர் என்று ஐந்து விவரங்கள் இருந்தால், பத்து ஆண்டுக்குப் பின் யாராவது அந்தப் பழைய நாளிதழை எடுத்துப் பார்த்தாலும் அது பயன்படும் பதிவாக இருக்கும். இந்த மழைக்காலத்திலிருந்தே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலூர், புதுச்சேரி நீர்நிலைகளில் பூச்சிகளைக் கவனித்துவரும் ஆசிரியர்கள், மாணவர்கள்