அது புழுவெட்டுதானா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மகளின் உச்சந்தலையில் கட்டைவிரல் அகலத்துக்கு முடி போயிருக்கிறது, புழுவெட்டாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறாய். போன வருடம் நானும் அப்படி நினைத்துத்தான் 6 வாரத்தை வீணாக்கினேன். அதனால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

புழுவெட்டில் முடி கொட்டிய இடம் வழவழவென்று இருக்கும். என் மகனுக்கு அப்படி இல்லை. வெளிச்சத்தில் உட்கார வைத்து முடியை விலக்கிப் பார்த்தால் சாம்பல் நிறச் செதில், நடுவே கரும்புள்ளிகள். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவினேன். பாவம், அழுதான். அவை தோலை ஒட்டி ஒடிந்துபோன முடியின் அடிகள் என்று பிறகுதான் தெரிந்தது. பிடரியில் நெறியும் கட்டியிருந்தது. வந்திருந்தது படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று.

அதுவரை நான் களிம்புதான் தடவிக்கொண்டிருந்தேன். பூஞ்சை முடிக்குள்ளேயே புகுந்துவிடுமாம்; களிம்பு அங்கே எட்டாது. மருந்து உள்ளுக்குத்தான் கொடுக்க வேண்டும். டாக்டர் செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சை மருந்தை எழுதினார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார். 3 வாரத்தில் செதில் மறைந்தது, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். 8 வாரம் கொடுத்தோம். பூஞ்சையின் வகையைப் பொறுத்துச் சில குழந்தைகளுக்கு டெர்பினாஃபின் என்ற வேறு மருந்து தருவார்களாம். வாரம் 2 முறை கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டோம். அது நோயைத் தீர்க்காது, மற்றவர்களுக்குப் பரவுவதைக் குறைக்கும்.

சீப்பு, தொப்பி, துண்டு எல்லாம் உன் மகளுக்குத் தனியாக வை. பெரியவன் தலையையும் பார்த்துவிடு. வீட்டில் பூனைக்குட்டி இருப்பதாக எழுதியிருந்தாயே, அதற்கும் எங்காவது முடி உதிர்ந்திருக்கிறதா பார். மொட்டை மட்டும் அடித்துவிடாதே, தேவையில்லை.

அந்த இடம் வீங்கி, தொட்டால் கொழகொழவென்று சீழ் கசிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. பிதுக்காதே. தழும்பு விழுந்துவிட்டால் அங்கே முடி முளைக்காது.

உன் தங்கையின் கைக்குழந்தை தலையில் இருக்கும் மஞ்சள் செதில் வேறு விஷயம். அது தொற்றாது, பெரும்பாலும் சில மாதத்தில் தானே போய்விடும். நகத்தால் பிய்க்காமல் இருந்தால் போதும்.

சரி, இன்றைக்கே அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு எழுது. செதில் இருக்கிறதா, கரும்புள்ளி இருக்கிறதா என்று தெரியும்வரை எனக்கு மனசு ஆறாது.

அன்புடன்,
உன் தோழி