ஸ்கைலைனரை நீட்டுமுன் பேருந்துக் கணக்கைப் போடுங்கள்

வால்ட் டிஸ்னி வேர்ல்ட் போக்குவரத்துத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் புளோரிடா கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் 2019 செப்டம்பர் 29 அன்று ஓடத் தொடங்கிய ஸ்கைலைனர் என்ற, வடத்தில் தொங்கி ஓடும் ரோப் கார், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய இரு பூங்காக்களைச் சில விடுதிகளோடு இணைக்கிறது. அனிமல் கிங்டம், மேஜிக் கிங்டம் ஆகிய மற்ற இரு பூங்காக்கள் வரைக்கும் இதை நீட்டக் கூடாதா என்று கேட்பவர்கள் நிறைய. நீட்டலாம். ஆனால் தூண் எங்கே நடுவது என்று பார்ப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு பெட்டிக்கு 10 பேர். 8 விநாடிக்கு ஒரு பெட்டி புறப்பட்டால் மணிக்கு 450 பெட்டி; ஒரு திசையில் 4,500 பேர். அதே கூட்டத்தை 60 பேர் ஏறும் பேருந்தில் அனுப்ப மணிக்கு 75 நடை வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். ரோப் காரின் பலம் இதுதான். அடுத்த வண்டிக்குக் காத்திருப்பு இல்லை, சிக்னல் இல்லை, வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதன் பலவீனமும் இங்கேதான். நடு புளோரிடாவில் கோடை மாதப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் வாடிக்கை. மின்னல் நெருங்கினால் தடத்தை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திய நொடியில் அந்த 75 நடையும் சாலைக்கு வந்துவிடுகிறது. பேருந்தை டிப்போவில் நிறுத்தி வைப்பது எளிது. மழைக்காகக் காத்திருக்கும் ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் கடினம். ரோப் கார் வந்ததும் பேருந்துச் செலவு மிச்சம் என்று திட்ட அறிக்கையில் எழுதினால், அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

நிறுத்துவதும் பொத்தானை அழுத்துவதோடு முடிவதில்லை. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 2 கி.மீ. தடத்தில் கடைசியாக ஏறியவர் இறங்க 400 விநாடி, ஏறக்குறைய 7 நிமிடம். 5 கி.மீ. என்றால் 17 நிமிடம். அதாவது தடம் நீள நீள, மின்னல் இன்னும் தொலைவில் இருக்கும்போதே ஏற்றுவதை நிறுத்த வேண்டியிருக்கும். வீணாக மூடும் நேரமும் கூடும். நீளமான ஒரே தடத்தைவிட, கரீபியன் பீச் விடுதியில் இப்போது செய்திருப்பதுபோல் தனித்தனி வடங்கள் ஒரு நிலையத்தில் சந்திப்பதே மேல். ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும். பயணி ஒருமுறை மாறி ஏறுவது சின்னத் தொந்தரவுதான்.

பழுது பெரும்பாலும் வானத்தில் வருவதில்லை, நிலையத்துக்குள் வருகிறது. உள்ளே நுழையும் பெட்டியின் கவ்வி வடத்தை விட்டுவிடும். பிறகு டயர் வரிசைதான் பெட்டியை நடை வேகத்தில் தள்ளிக்கொண்டு போய், மறுபடி வேகம் ஏற்றி வடத்தில் கோர்க்கும். இதில் ஒரு பெட்டி சிக்கினால் 8 விநாடியில் அடுத்தது பின்னால் வந்து நிற்கும். இடைவெளியைக் கண்காணிக்கும் சென்சார் உடனே வடத்தை நிறுத்தாவிட்டால் மோதல்தான். 2019 அக்டோபர் 5 இரவு எப்காட் தடத்தில் பெட்டிகள் மோதி நெருக்கி நின்றன. சில பயணிகள் 3 மணி நேரத்துக்கு மேல் மேலேயே இருந்தார்கள். சேவை மீண்டும் தொடங்கியது அக்டோபர் 14 அன்று. திருப்பம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நிலையமும் அதற்கான இயந்திரமும் தேவைப்படும் என்பதால், வளைந்து போகும் வழியைவிட நேர்வழிக்கு நிலம் தேடுவதே லாபம்.

பெட்டிகளில் ஏசி இல்லை. ஓடும்போது காற்று வரும், நின்றால் வராது. ஆகவே பிரதான மோட்டார் செத்தாலும் வடத்தை நகர்த்தும் தனி டீசல் இன்ஜின் வெறும் சம்பிரதாயமல்ல. அதைச் சுமையோடு ஓட்டிச் சோதியுங்கள். ஏரிக்கு மேலே போகும் பகுதியில் ஏணி வண்டி உதவாது. படகும் கயிற்றில் இறக்கும் ஆட்களும் எத்தனை நிமிடத்தில் வந்து சேர்வார்கள் என்பது திட்ட வரைபடத்திலேயே இருக்கட்டும்.

சக்கர நாற்காலிக்காரர்கள் ஏற, பெட்டி முழுதாக நிற்கும் தனிச் சுற்றுப்பாதை எல்லா நிலையத்திலும் வேண்டும். இடமில்லை என்று அதை விட்டால், ஒவ்வொருவர் ஏறும்போதும் வடத்தையே மெதுவாக்கவோ நிறுத்தவோ நேரும். 4,500 என்ற எண் அங்கேயே சரிந்துவிடும்.

கடைசியாக மேஜிக் கிங்டம். வாணவேடிக்கை முடிந்ததும் 10,000 பேர் ஒரே நேரத்தில் வரிசைக்கு வந்தால், கடைசி ஆள் ஏற இரண்டேகால் மணி நேரம் ஆகும். அங்கே ரோப் கார் மோனோரயிலுக்கும் படகுக்கும் துணையாக வரலாம், மாற்றாக அல்ல. எங்களைக் கேட்டால் அனிமல் கிங்டம் தடத்தையே முதலில் ஆராயச் சொல்வோம், மாற்றுப் பேருந்துகளின் எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதிய பிறகு.

இப்படிக்கு,
ரோப் கார் இயக்கத்திலும் பராமரிப்பிலும் இருப்போர்