ஹரிக்கேன் கிட்டின் குறைகளுக்கு மலைப்பனி காரணமல்ல: தங்கள் பதிலுக்கு எங்கள் மறுப்பு

அனுப்புநர்:
பிளாஸ்டிக் மாடல் கட்டும் குழுவினர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: 1/48 அளவு (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு) ஹாக்கர் ஹரிக்கேன் 2சி என்ற இரண்டாம் உலகப்போர் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் – குறையுள்ள பாகங்களுக்கு மாற்று கோருதல்.

ஐயா,

எங்கள் முதல் புகாருக்குத் தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. இறக்கை கோணியதற்கும், டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படம்) நொறுங்கியதற்கும், பெயின்ட் கட்டியானதற்கும் மலைப்பகுதியின் குளிரும் ஈரமும்தான் காரணம் என்கிறீர்கள். குன்னூர் பனிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

முதலில் கீழ் இறக்கை. ஹரிக்கேனின் இறக்கை நடுவில் மட்டமாக இருக்கும். வெளிப்பகுதிகள் மட்டும் லேசாக மேல்நோக்கி ஏறும். தங்கள் கிட்டில் இது ஒரே பாகம். கண்ணாடித் தகட்டின் மேல் நடுப்பகுதியை அழுத்தி வைத்து அளந்தால் இடது முனை வலதைவிட 4 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. மொத்த நீளமே 254 மி.மீ. உள்ள இறக்கையில் இது நிஜ விமானத்துக்கு 19 செ.மீ. கோணல். கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரின் தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். காற்றின் ஈரம் அதை வளைக்காது. சூடு ஆறுமுன் அச்சிலிருந்து தள்ளப்பட்ட பாகம்தான் இப்படி முறுக்கிக்கொள்ளும்.

கொதிநீரில் முக்கி நிமிர்த்தச் சொல்கிறீர்கள். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாலிஸ்டைரின் நன்றாக இளகுவது 100 டிகிரியை ஒட்டி. மெல்லிய பின்விளிம்பு வளைந்து கொடுத்தது, உடலோடு சேரும் தடித்த வேர்ப்பகுதி கொடுக்கவில்லை. கோணலே அங்கேதான் தொடங்குகிறது.

உடலின் இடப்பாதியில் உள்ள குழிகள் இதைவிட மோசம். உள்ளே தடித்த பொருத்துமுளை இருக்கும் இடங்களுக்கு நேர் வெளியே 2 குழிகள். தடித்த இடத்தில் பிளாஸ்டிக் கடைசியாக ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளிழுத்துக்கொள்கிறது. அச்சில் அழுத்தத்தை இன்னும் சில விநாடி பிடித்திருந்தால் வந்திருக்காது. சாதாரண இடமென்றால் புட்டி (குழி நிரப்பும் பசை) வைத்து, 600, 1000 எண் உப்புத்தாளில் தேய்த்து முடித்துவிடலாம். ஹரிக்கேனின் பின்னுடல் சட்டங்களின் மேல் துணி போர்த்தியது. அந்த நீளவாக்கு வரிகளின் நடுவே குழி விழுந்திருக்கிறது. புட்டியைத் தேய்த்தால் வரிகளும் சேர்ந்து போகும். மெல்லிய பிளாஸ்டிக் இழைகளை ஒட்டி மறுபடி வரைய வேண்டும். வாங்கியவர் தலையில் கட்டக்கூடிய வேலையா இது?

நான்கு 20 மி.மீ. பீரங்கிக் குழல்களில் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் அச்சின் முனைவரை பாயவில்லை. ஊசிக்குழாயை வெட்டி வைக்கலாம்தான், குழலைச் சுற்றியுள்ள சுருள்வில்லை என்ன செய்வது? வழியில் உடைந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். முறிந்த இடம் வெண்மையாக, கூர்மையாக இருக்கும். இதன் முனை மழுங்கி, பளபளவென்று உருண்டிருக்கிறது. எளிதில் விரிசல் விடும் காக்பிட் மூடி அதே பெட்டியில் கீறலில்லாமல் வந்திருக்கிறது.

டீகால் தாளைப் பற்றி இரண்டு புகார். பெட்டியின் மேல் "இம்பால், 1944, இந்திய விமானப்படை 1ஆம் ஸ்குவாட்ரன்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அர்ஜன் சிங் தலைமையில் பறந்த பிரிவு அது. பர்மா முனையில் ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க, நேச நாட்டு விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். கருநீலமும் நடுவில் வெளிர்நீலமுமாக 16 அங்குலச் சின்னம், 1/48இல் 8.5 மி.மீ. உள்ளே வந்த தாளிலோ சிவப்பு நடுவட்டம் கொண்ட, இதைவிடப் பெரிய ஐரோப்பியச் சின்னங்கள். பெட்டிப் படம் சரி, தாள்தான் வேறு கிட்டினுடையது. அதிலிருந்து வெட்டிச் சோதித்த துண்டும் தண்ணீரில் சில்லுச்சில்லாகச் சிதறியது. மேற்பூச்சு பழசாகி முறுகினால் இப்படியாகும். ஈரம்பட்டுக் கெட்ட தாளென்றால் மஞ்சளித்து, உறையோடு ஒட்டியிருக்கும்; இது உறையிலிருந்து சுத்தமாக உருவி வந்தது.

'மீடியம் சீ கிரே' என்ற சாம்பல் நிற பெயின்ட் குப்பியில் அடிவரை ரப்பர் கட்டி. அக்ரிலிக் பெயின்ட் உறைந்தால் கெடும், உண்மை. உறைபனி விழுவது டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிகளில். பார்சல் வந்ததோ ஜூலையில். மூடிக்குள் இருக்க வேண்டிய வாஷரைக் காணோம். காற்றுப் புகுந்து காய்ந்திருக்கிறது.

பனியின் மேல் நியாயமாகப் போடக்கூடிய பழி ஒன்று உண்டு, அதைத் தாங்கள் சொல்லவே இல்லை. கிட்டோடு வந்த லேக்கர் கிளியரை (நிறமற்ற மேற்பூச்சு) மூடுபனி நாளில் ஏர்பிரஷில் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்துகொள்கிறது. உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை மெலிதாக ஒருமுறை ஓட்டினால் தெளியும். இதற்காக நாங்கள் எதுவும் கேட்கவில்லை. செய்முறைத் தாளில் ஒரு வரி சேருங்கள், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முழு கிட்டும் வேண்டாம். இறக்கையும் பீரங்கிக் குழல்களும் உள்ள ஸ்ப்ரூ (பாகங்கள் கோர்த்து வரும் பிளாஸ்டிக் சட்டம்), உடலின் இடப்பாதி உள்ள ஸ்ப்ரூ, சரியான டீகால் தாள், பெயின்ட் 1 குப்பி இவை போதும். அளவுகோலோடு எடுத்த படங்களும் பெட்டியின் பேட்ச் எண் படமும் இணைத்துள்ளோம். அதே பேட்ச்சிலிருந்து எடுத்தால் அதே கோணல்தான் வரும். இறக்கையைத் தட்டையான பரப்பில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

15 நாளில் பாகங்களோ முழுப்பணமோ வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். கோணிய இறக்கையையும் பாதிக் குழலையும் அதுவரை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்ப வேண்டுமென்றால் தங்கள் செலவில் கூரியர் ஏற்பாடு செய்யவும்.

இப்படிக்கு,
மாடல் கட்டும் குழுவினர், குன்னூர்.