உன் 1050 டிஐ-யும் லினக்ஸும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சக்குப்பம் வீட்டில் பூச்சு வேலை முடிந்துவிட்டது என்று படித்ததில் சந்தோஷம். பையன் பிளஸ் டூ பரீட்சைக்கு உட்காரும் நேரத்தில் கணினியைப் பிரித்துப் போடப்போகிறாயே என்றுதான் கொஞ்சம் யோசனை. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கேம் ஆடும் கணினியை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. உன் இன்டெல் ஐ5-7400 சிபியு ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஆனால் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-ஐ ஓட்டலாம். அதனால் பரீட்சை முடியட்டும், கோடை விடுமுறையில் கை வை.

லினக்ஸுக்குப் போகலாமா என்பதை நானோ நீயோ முடிவு செய்வதைவிட, உன் வீட்டில் என்னென்ன கேம் ஓடுகிறது என்ற பட்டியல் முடிவு செய்யட்டும். நீ எழுதியிருந்த ஆறையும் பார்த்தேன். விட்சர் 3, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இரண்டும் நன்றாக ஓடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. ஆனால் பையன் ஃபேசிட் என்ற போட்டித் தளத்தில் ஆடுகிறான் என்றால் அதன் ஆண்டி-சீட், அதாவது ஏமாற்றுவோரைப் பிடிக்கும் மென்பொருள், லினக்ஸில் கிடையாது. ஜிடிஏ 5 கதைப் பகுதி ஓடும், பேட்டில்ஐ என்ற அதன் ஆண்டி-சீட்டை அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும். ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்ததிலிருந்து லினக்ஸில் இல்லை. எஃப்சி 24-இன் ஆண்டி-சீட் லினக்ஸை ஏற்பதில்லை, அதனால் அது போச்சு. வேலரன்ட் போச்சு என்பதற்கும் மேலே: எந்த வழியும் இல்லை, விர்ச்சுவல் மெஷினுக்குள் வைத்தும் முடியாது.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். விண்டோஸ் கேம் டைரக்ட்எக்ஸ் என்ற கிராபிக்ஸ் மொழியில் பேசும். லினக்ஸில் உன் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரிவது வல்கன். நடுவில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் பக்கத்தில் நின்ற ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி ஒரு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், வேண்டும். டைரக்ட்எக்ஸ் 9, 10, 11-க்கு டிஎக்ஸ்விகே என்ற துபாஷி; 12-க்கு விகேடி3டி-புரோட்டான். விண்டோஸின் மற்ற அழைப்புகளுக்கு வைன். இவை மூன்றையும் ஒன்றாகக் கட்டி, கேம் விற்கும் ஸ்டீம் செயலிக்குள்ளேயே வைத்ததுதான், ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி 2018 ஆகஸ்டில் விடத் தொடங்கிய புரோட்டான். ஆனால் வேலரன்டின் ஆண்டி-சீட்டான வேன்கார்டு துபாஷி மூலம் பேசுகிற ஆள் இல்லை, நேரே இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலுக்குள் போய் உட்கார வேண்டும் என்னும். அது விண்டோஸ் கெர்னலுக்கான டிரைவர். லினக்ஸ் கெர்னலில் அதை ஏற்றவே முடியாது. பேட்டில்ஐ, ஈசி ஆண்டி-சீட் இரண்டும் 2021-லேயே புரோட்டானில் ஓடத் தயாராகிவிட்டன. ஆனால் அனுமதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் கம்பெனி கையில். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்வார்கள்: அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் கடைசியில் அப்படித்தான் கதவைச் சாத்தியது. ஆகவே ஆன்லைன் கேம் எதையும் வாங்குமுன், ஆடிப்பார்த்தவர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் அந்த மாதத்து அறிக்கைகளைப் படி. நன்றாக ஓடும் என்று அங்கே போட்டிருக்கும் பழைய 'பிளாட்டினம்' முத்திரையை நம்பாதே.

வேலரன்டும் எஃப்சி-யும் இருக்கிறவரை விண்டோஸை அழிக்காதே. உன்னிடம் உள்ள 240 ஜிபி எஸ்எஸ்டி-யில் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். ஒரு 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் போடு. ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து இரண்டையும் குடிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை; கணினி திறக்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரில் சண்டை வந்தே தீரும்.

லினக்ஸில் பல வகை, டிஸ்ட்ரோ என்பார்கள். எது என்றால், உனக்கு மின்ட் 22 வரிசை. 2029 வரை ஆதரவு உண்டு. பசைட், கேச்சிஓஎஸ் என்று கேமுக்கென்றே வந்தவற்றைப் பலர் புகழ்வார்கள், தப்பில்லை. புதிய ஏஎம்டி கார்டு இருந்தால் நானே பசைட்டைத்தான் சொல்வேன். அதில் அப்டேட் முழு இமேஜாக இறங்கி அடுத்த பூட்டில்தான் மாறும், பாதியில் கரண்ட் போனாலும் பழைய இமேஜ் அப்படியே நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் கடலூர் கரண்ட் எப்படி என்று உனக்குத் தெரியாதா! ஆனால் உன் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, பாஸ்கல் வகை. என்விடியா 580 வரிசை டிரைவரோடு பாஸ்கலைக் கை கழுவிவிட்டது. 590-இல் அது இல்லை. ஆர்ச் லினக்ஸ் 2025 டிசம்பரில் 590-க்கு மாறியபோது பாஸ்கல் கார்டு வைத்திருந்தவர்கள் அப்டேட் கொடுத்துவிட்டுத் திரை வராமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆர்ச் மாதிரி ஓயாமல் புதுப் பதிப்புக்கு மாறிக்கொண்டே இருக்கும் டிஸ்ட்ரோ உன் கார்டுக்கு ஆகாது. மின்ட் போட்டு, கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் செயலியில் வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள். அப்டேட் ஓடும்போது யுபிஎஸ் இருந்தால் போதும்.

நிறுவுவதற்கு முன் விண்டோஸில் இரண்டு வேலை. பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்பை அணை. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதி வை. பிறகு 8 ஜிபி பென்டிரைவில் அதை பூட் ஆக வைக்கும் வென்டாய் போட்டு, மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓ-வை அதற்குள் காப்பி செய்தால் போதும், தனியாக எழுத வேண்டியதில்லை. பூட் மெனு கிகாபைட் போர்டில் எஃப்12, ஆசூஸில் எஃப்8, எம்எஸ்ஐ-யில் எஃப்11.

இன்ஸ்டாலர் தொடங்குமுன் கேபினட்டைத் திறந்து விண்டோஸ் எஸ்எஸ்டி-யின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடு. கேலியாகச் சொல்லவில்லை. மின்டின் இன்ஸ்டாலருக்கு ஒரு பழைய நோய்: நீ வேறு டிஸ்கைக் காட்டினாலும் பூட்லோடரை முதல் டிஸ்கில் ஈஎஃப்ஐ என்ற பூட் பகுதியில் கொண்டுபோய் வைக்கும். பின்னாளில் அந்த முதல் டிஸ்கைக் கழற்றினால் லினக்ஸும் பூட் ஆகாது. கேபிளைக் கழற்றி வைத்தால் அந்த வம்பே இல்லை. முடிந்ததும் மாட்டிக்கொண்டு, எதில் போக வேண்டுமோ அதை பூட் மெனுவில் எடு. வைஃபை டாங்கிள் வேலை செய்யவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாதே. ஃபோனை யுஎஸ்பி-யில் செருகி டெதரிங் போடு, உடனே நெட் வரும். டாங்கிள் டிரைவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிரைவர் மேனேஜரைத் திறந்தால் என்விடியா 580 என்று ஒன்று, 580-ஓப்பன் என்று ஒன்று இரண்டும் தெரியலாம். பெயரில் 'ஓப்பன்' இல்லாததை எடு. ஓப்பன் வகை டூரிங் தலைமுறையிலிருந்துதான், அதாவது ஜிடிஎக்ஸ் 16 வரிசை முதல். உன் பாஸ்கல் கார்டை அது கண்டுகொள்ளாது. கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் இன்னொரு படி உண்டு: டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த பூட்டில் நீலத் திரையில் மாக் மேனேஜ்மென்ட் என்று வந்து சில விநாடிதான் காத்திருக்கும். அதில் என்ரோல் மாக் எடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடு. எதுவோ என்று நினைத்து விட்டுவிட்டால் டிரைவர் ஏறாது, கேம் விநாடிக்கு இரண்டு ஃப்ரேமில் நகரும். சரியாக ஏறியதா என்று ஸ்டீமின் ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பார்: என்விடியா பெயர் இருக்க வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் கார்டு சும்மா இருக்கிறது, சிபியு படம் வரைகிறது என்று அர்த்தம்.

ஸ்டீமை ஃபிளாட்பேக்கில் போடாமல் சிஸ்டம் பேக்கேஜாகவே போடு. ஃபிளாட்பேக் ஸ்டீம் தன் கூண்டுக்கு வெளியே உள்ள டிஸ்கைப் பார்க்கத் தனி அனுமதி கேட்கும். உனக்கு 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே, வீண் வேலை.

அந்த 1 டிபி டிஸ்க்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியது. எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அது என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் கோப்புகளை வைக்கும் முறையில் இருக்கிறது. லினக்ஸ் அதைத் திறக்கும், கேம்களைக் காட்டும், ஸ்டீமில் லைப்ரரியாகச் சேர்க்கவும் விடும். பிளே அழுத்தினால் பச்சை பட்டன் சில விநாடி ஸ்டாப் என்று மாறிவிட்டு மறுபடி பிளே ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. புரோட்டானே கெட்டது என்று மக்கள் முடிவு கட்டுவது இந்த இடத்தில். காரணம் இதுதான்: ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் தனியாக ஒரு போலி சி டிரைவ் கட்டும். ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காம்பட்டேட்டா, அதற்குள் கேமின் எண். விட்சர் 3 என்றால் 292030. அதற்குள் சி, இசட் என்ற எழுத்தோடு கோலன் குறி சேர்ந்த பெயரில் இணைப்புகள் உருவாகும். விண்டோஸ் கோப்புப் பெயரில் கோலனை ஒப்புக்கொள்ளாது. மவுண்ட் அமைப்பைப் பொறுத்துச் சில நேரம் இணைப்பு உருவாகவே ஆகாது; உருவானால், விண்டோஸ் டிஸ்கைச் சோதிக்கும்போது அதைப் பிழையாகப் பார்க்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் அணைக்காமல் விட்டிருந்தால் இதற்கும் முன்னாலேயே நிற்கும்: விண்டோஸ் பாதித் தூக்கத்தில் விட்டுப்போன டிஸ்கை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது.

எனவே லினக்ஸ் கேம்களுக்கு லினக்ஸின் சொந்த முறையான ஈஎக்ஸ்டி4-இல் ஒரு பகுதி வேண்டும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த 1 டிபி-யைச் சுருக்கி, 400 ஜிபி காலியாக விடு. மின்ட் பக்கம் டிஸ்க்ஸ் செயலியில் அந்த இடத்தை ஈஎக்ஸ்டி4 ஆக்கி, இடைவெளி இல்லாத பெயர் கொடு. புதிய பகுதி ரூட் என்ற நிர்வாகி பெயரில் இருக்கும், ஸ்டீமால் எழுத முடியாது. உரிமையாளரை உன் பெயருக்கு மாற்று. பூட் ஆகும்போதே மவுண்ட் ஆகவும் வை. அதற்காக, டிஸ்க் மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் யூசர் என்ற சொல்லைச் சேர்த்தால், நிரலை ஓட்டும் எக்ஸெக்யூட் அனுமதி தானாகப் பறிபோகும். ஸ்டீம் அந்த டிஸ்கை ஏற்க மாட்டேன் என்னும். எக்ஸெக் என்ற சொல்லை அதற்குப் பின்னால் சேர்த்தால் தீர்ந்தது.

70, 100 ஜிபி கேம்களை மறுபடி இறக்க வேண்டாம். ஸ்டீமின் ஸ்டோரேஜ் அமைப்பில் புதிய பகுதியைச் சேர்த்துவிட்டு, ஸ்டீமை மூடு. என்டிஎஃப்எஸ் பக்கத்து ஸ்டீம்ஆப்ஸில், காமன் என்ற கோப்புறைக்குள் உள்ள கேமையும், வெளியே ஆப்மேனிஃபெஸ்ட் என்று தொடங்கி அதே எண்ணோடு இருக்கும் சின்னக் கோப்பையும் அதே இடங்களுக்கு நகலெடு. ஸ்டீமைத் திறந்தால் கேம் இன்ஸ்டால் ஆனதாகவே தெரியும். ப்ராபர்ட்டீஸில் வெரிஃபை கொடு, குறைகிறது மட்டும் இறங்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்கு லினக்ஸ் பகுதிகள் கொஞ்சம் கூடுதலாக வரும்.

முதல் முறை திறக்கும்போது வல்கன் ஷேடர், அதாவது கார்டு படம் வரையும் சின்ன நிரல்கள், தயாராகிறது என்று ஒரு பட்டை ஓடும். நாலு கோர் சிபியு-வுக்கு அது நேரம் எடுக்கும். ஸ்கிப் கொடுக்கலாம், ஆனால் அந்த வேலை விளையாட்டு நடுவில் நடந்து திக்கித் திக்கி ஓடும். ஓடவே மாட்டேன் என்கிற கேமுக்கு ப்ராபர்ட்டீஸின் காம்பாட்டிபிலிட்டியில் வேறு புரோட்டான் பதிப்பைக் கட்டாயப்படுத்து. எக்ஸ்பெரிமெண்டல் என்ற சோதனைப் பதிப்பும் முடியாவிட்டால், புரோட்டான்அப்-க்யூடி செயலி மூலம் வெளியார் திருத்திய ஜிஇ-புரோட்டானைப் போடு. அதோடு நிறுத்து, வலையில் கிடைக்கும் பத்து லாஞ்ச் ஆப்ஷனையும் ஒட்டிவைத்தால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

வேகத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். டைரக்ட்எக்ஸ் 11 வரை விண்டோஸுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 12-இல் பாஸ்கல் கார்டு கணிசமாகப் பின்தங்கும். அதனால் விட்சர் 3 திறக்கும்போது டிஎக்ஸ்11-ஐத் தேர்ந்தெடு. ரெட் டெட்டில் வல்கனையே வை, நடுவில் துபாஷியே தேவையில்லை. உன் கார்டில் 4 ஜிபி நினைவகம்தான். அது நிரம்பினால் விண்டோஸ் டிரைவர் ஓரளவு ராம் பக்கம் தள்ளிச் சமாளிக்கும், லினக்ஸில் என்விடியா அவ்வளவு பதமாகச் செய்வதில்லை. திடீரென ஃப்ரேம் விழும், சில கேம் மூடிக்கொள்ளும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி குறை. மேங்கோஹட் என்ற கண்காணிப்புக் கருவி போட்டுப் பார்த்தால் நினைவகம் எவ்வளவு நிரம்புகிறது என்று மூலையில் தெரியும். காசு செலவழிப்பதென்றால் கார்டுக்கு முன் ராமை 8-லிருந்து 16 ஆக்கு.

சேவ் கோப்புகள் பெரும்பாலும் ஸ்டீம் கிளவுடில் வந்துவிடும். கிளவுட் இல்லாதவற்றுக்கு விண்டோஸின் டாக்குமென்ட்ஸ், ஆப்டேட்டா இரண்டையும் பென்டிரைவில் எடுத்துக்கொள். கேமை ஒருமுறை திறந்து மூடியபின், அதன் எண்ணுள்ள காம்பட்டேட்டாவுக்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று போனால் அதே டாக்குமென்ட்ஸ் இருக்கும். அங்கே போடு. ஒரு கேம் சண்டித்தனம் செய்தால் காம்பட்டேட்டாவை அழி என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சரி, ஆனால் சேவும் அதற்குள்தான் இருக்கிறது.

கேம்பேட் உள்ளூர் தயாரிப்பு என்றாயே. பின்பக்கம் எக்ஸ், டி என்று ஸ்விட்ச் இருந்தால் எக்ஸில் வை, எக்ஸ்பாக்ஸ் பேடாகவே தெரியும். இன்னொன்று: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மதர்போர்டு பேட்டரி போச்சு என்று கடைக்கு ஓடாதே. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

எபிக் கேம் கடையில் இலவசமாக வாங்கிச் சேர்த்ததெல்லாம் ஹீரோயிக் என்ற செயலியில் வரும். அதை ஸ்டீம் ஒழுங்காக ஓடிய பிறகு பார்.

எஸ்எஸ்டி வாங்கியதும் மதர்போர்டு மாடல் எண்ணையும், வைஃபை டாங்கிளில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் எழுதி அனுப்பு. டாங்கிளுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா, தனியாகப் போட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கணேசன்